தலைவரைப் பேட்டி கண்டு வருக

கிருஷ்ணப்ரியாவின் சமூக அறிவியல் டீச்சர் உள்ளாட்சிப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்கள் ஊராட்சித் தலைவரைப் பேட்டி கண்டு வருக. அருப்புக்கோட்டை டவுனுக்குள் இருக்கும் பிள்ளைகள் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்க் காத்து நிற்க வேண்டும். கருவநேந்தலிலிருந்து வேனில் போய்வரும் கிருஷ்ணப்ரியாவுக்கு அந்த அலைச்சல் இல்லை. தலைவர் அவள் வீட்டிலேயே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அப்பா சின்னத்துரை குளித்து, வெளுத்த சட்டை போட்டு, பிளாஸ்டிக் சேரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். ஊராட்சித் தலைவரின் பணிகள் என்னென்ன? அவர் தடங்கல் இல்லாமல் சொன்னார். குடிதண்ணீர், தெருவிளக்கு, ரோடு, சாக்கடை, நூறு நாள் வேலை. ஊராட்சிக்கு வருமானம் எப்படி வருகிறது? வீட்டுவரி, தண்ணீர்வரி, அரசு கொடுக்கும் மானியம். நீங்கள் செய்ததில் பெரிய சாதனை எது?

"மெயின் ரோட்டுல கடை கட்டுனது. அதத்தான் எழுதணும். இந்தச் சுத்துவட்டாரத்துல சொந்தமா கடை கட்டி வாடகைக்கு விட்ட ஊராட்சி நம்மளுதுதான்" என்றார் சின்னத்துரை.

அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த தங்கச்செல்வி மிக்ஸியை நிறுத்தினாள். மூடியின் மேல் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடி ஓடவிட்டாள்.

சின்னத்துரை சாப்பிட்டுவிட்டு உரக்கடைக்குக் கிளம்பிப் போனதும், அவள் மகளிடம் வந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"ஒங்கிட்டயா? எதுக்கு?"

"தலைவரப் பேட்டி எடுக்கத்தான சொன்னாக?"

கிருஷ்ணப்ரியா சிரித்தாள். அதில் கேலி இல்லை. "நீ கையெழுத்துப் போடுறவம்மா. கேள்விக்கெல்லாம் அப்பாதான பதில் சொல்வாக."

கருவநேந்தல் ஊராட்சியின் தலைவர் தங்கச்செல்விதான். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவள் அவள். சின்னத்துரை நிற்பதாகத்தான் முதலில் பேச்சு. உரக்கடை வைத்து, பருத்தியும் மக்காச்சோளமும் கொள்முதல் செய்கிறவர் என்பதால் ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். எல்லோருக்கும் முகம் தெரியும். சுழற்சியில் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு மத்தியானம் அவர் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் மனைவியின் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மனுத்தாக்கல் வேலையை ஆரம்பித்துவிட்டார். போஸ்டரில் அவள் படம் சின்னதாகவும் அவர் படம் பெரிதாகவும் இருந்தது. ஜெயித்த பிறகு ஊர் அவரைத் தலைவர் என்றது. அவளைத் தலைவர் வீட்டம்மா என்றது. ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். ஊராட்சிச் செயலர் நாகராஜ் ரிஜிஸ்டர்களை வீட்டுக்கு எடுத்து வந்து அவளிடம் கையெழுத்து வாங்கிப் போனான்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். அருப்புக்கோட்டையில் பி.ஏ. வரலாறு படித்தவள். அடுத்து பி.எட். முடித்து சமூக அறிவியல் டீச்சராக வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்குள் கல்யாணம் ஆகி கருவநேந்தலுக்கு வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வீடு, கடை, பிள்ளை என்று காலம் ஓடிப்போயிற்று.

அன்று சாயங்காலம் கிருஷ்ணப்ரியா வேறொரு கேள்வியோடு வந்தாள். புத்தகத்தில் இருந்த கேள்வி.

"ஏம்மா, உள்ளாட்சியில பெண்களுக்கு ஏன் தனியா எடம் ஒதுக்குனாங்க?"

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்செல்வி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். தண்ணி எடுக்கிறது பொம்பள. பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது பொம்பள. ரேஷன் கடையில நிக்கிறது பொம்பள. ஆனா குழாய் எங்க போடணும், பள்ளிக்கூடம் எங்க வரணும், கடை எப்பத் திறக்கணும்னு முடிவு பண்ற எடத்துல அவ இல்ல. அங்க அவ இருந்தாத்தான் அவ கஷ்டம் என்னன்னு பேச முடியும். அதுக்காகத்தான் சட்டம் போட்டு உக்கார வச்சாங்க. "அவ அங்க உக்காந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"உக்காந்து?" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"உக்காந்து பேசணும்" என்றாள் தங்கச்செல்வி. மடித்த துணியை மறுபடி எடுத்து உதறி மடித்தாள்.

அவள் மனதில் ஓடியது ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ஒரு சுதந்திர தினம். அன்றைய கிராம சபைக் கூட்டம்.

நடுநிலைப்பள்ளிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் கூட்டம் ஆரம்பமானது. கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் தலைவருக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி. கூட்டத்தில் மட்டும் தங்கச்செல்வி அதில் உட்காருவாள். பக்கத்தில் சின்னத்துரை நிற்பார். மைக் அவர் கையில் இருக்கும்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி, மெயின் ரோட்டைப் பார்த்தபடி ஊராட்சிக்குப் பாத்தியமான புறம்போக்கு நிலம் ஒன்று இருந்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடம். அதை என்ன செய்வது என்பதுதான் அன்றைய பேச்சு. தலைமையாசிரியர் அருண்பாண்டியன் முதலில் எழுந்தார். எட்டாவதோடு நிற்கும் பள்ளியைப் பத்தாவது வரை உயர்த்தக் கேட்டு எழுத வேண்டும், அதற்கு இடம் காட்ட வேண்டும், இந்த நிலத்தைப் பள்ளிக்கு ஒதுக்கித் தீர்மானம் போட்டால் வேலை நடக்கும் என்றார். இந்த வருஷமே வந்துவிடாது, ஆனால் இடம் இல்லாவிட்டால் எந்த வருஷமும் வராது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு எழுந்தவள் சுமதி. காலனித் தெருக்காரி. முன்பு களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள், இப்போது பாளையம்பட்டியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் பால்ச்சாமி அங்கேயே லோடுமேன். அவர்களுடைய மகள் செல்வலட்சுமி எட்டாவது முடித்து, அந்த ஜூனில்தான் பரளச்சியில் ஒன்பதாவது சேர்ந்திருந்தாள்.

"தலைவரம்மா, ஒங்ககிட்டத்தான் கேக்குறேன்" என்றாள் சுமதி. ஊரில் தங்கச்செல்வியை அப்படிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். "பிள்ள ஸ்கூல் விட்டு பஸ்ஸுக்கு நின்னு, மெயின் ரோட்டுல எறங்கி, அங்க இருந்து நடந்து வர்றதுக்குள்ள இருட்டிப்போகுது. ரெண்டு பக்கமும் கருவமுள்ளு. அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்க பிள்ளைக்கு வாசலுக்கு வேன் வருது, அது சந்தோசந்தான். எங்க பிள்ளைகளுக்கு ஊருக்குள்ளயே பத்தாப்பு வரணும். அந்த எடத்தப் பள்ளிக்கூடத்துக்குன்னு எழுதிக் குடுங்க. நீங்க படிச்சவுக. ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

கூட்டம் தங்கச்செல்வியைப் பார்த்தது. அவளுக்குச் சொல்ல இருந்தது. அந்த இடம் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி லேசாக முன்னால் வந்தாள். அதற்குள் மைக்கில் சின்னத்துரையின் குரல் கேட்டது.

அவர் கோபமாகப் பேசவில்லை. நிதானமாக, எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி பேசினார். "பள்ளிக்கூடம் வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா இன்னைக்கு எழுதிக் குடுத்தா என்னைக்கு வரும்? சாரே சொல்றாரு, இந்த வருசம் வராதுன்னு. நம்ம ஊராட்சிக்கு வருமானம் என்ன இருக்கு? ஒரு பல்பு பீஸானா மாத்துறதுக்கு கவுர்மெண்டு கையப் பாத்து நிக்கிறோம். மழ பேஞ்சாத்தான் வெள்ளாம, வெள்ளாம இருந்தாத்தான் வரி. குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வரப்போகுது. லோடு லாரி, ஆளுக, எல்லாம் இந்தப் பக்கமும் ஓடும். ரோட்டுல நாம கடை கட்டிப் போட்டா வாடகை வரும். அந்த வாடகையில பள்ளிக்கூடத்துக்கும் செய்யலாம். முதல்ல நம்ம கையில ஒண்ணு இருக்கணும்ப்பா."

பலர் தலையாட்டினார்கள். அவர் பேசியதில் தப்பென்று எடுத்துச்சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தக் கடைகளில் ஒன்றை அவர் உரக் குடோனுக்கு எடுக்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்மானம் வாசிக்கப்பட்டது. நாகராஜ் புத்தகத்தை நீட்டினான். தங்கச்செல்வி கையெழுத்துப் போட்டாள்.

சுமதி உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலப் பஸ் வரவில்லை. செல்வலட்சுமி யாரோ தெரிந்தவர் ஆட்டோவில் பாதித் தூரம் வந்து, மெயின் ரோட்டிலிருந்து தனியாக நடந்திருக்கிறாள். குடித்துவிட்டு பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவள் ஓடி வந்து வீடு சேர்ந்துவிட்டாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பால்ச்சாமி அவளை அனுப்பவில்லை. அருண்பாண்டியன் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். தன்னிடம் படித்த பிள்ளை, இந்திய வரைபடத்தில் ஆறுகளைப் புத்தகம் பார்க்காமல் போடுவாள் என்றெல்லாம் சொன்னார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா சார் பதில் சொல்வீக?" என்று பால்ச்சாமி கேட்டதும் அவர் எழுந்து வந்துவிட்டார். பிள்ளை வீட்டில் இருந்தாள். ஆடு பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

இதெல்லாம் தங்கச்செல்விக்கு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. கேட்டபோதெல்லாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. சுமதி வழியில் பார்த்தால் நின்று, "நல்லாருக்கீகளா தலைவரம்மா?" என்று எப்போதும் போலத்தான் கேட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று தங்கச்செல்விக்குத் தோன்றும்.

மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்தபோது சின்னத்துரை கடையிலிருந்து வந்திருந்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்.

"நாளையில இருந்து நான் ஆபீஸுக்கு வாரேன்."

"எந்த ஆபீஸுக்கு?"

"ஊராட்சி ஆபீஸுக்கு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எதுக்கு? நான்தான் பாக்குறேன்ல?"

"நீங்க பாத்தது போதும். இனி நான் பாக்குறேன்."

"நான் என்ன ஊர்க் காச எடுத்துத் தின்னுட்டனா? நாலு வருசமா கடையக்கூடச் சரியாப் பாக்காம ஒனக்காக அலைஞ்சிருக்கேன்."

"எனக்காக இல்லங்க. எனக்குப் பதிலா."

சின்னத்துரை காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவர் முகம் வாடிப்போனது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போகிறவர். ஆனாலும் அவள் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போனபோது, நாகராஜ் எழுந்து நின்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி வரலையாக்கா?" என்றான். "வரல" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்து, அவர் இல்லை என்றதும் திரும்பிப் போனார்கள். பெண்கள்தான் முதலில் வர ஆரம்பித்தார்கள். தெருக்குழாயில் வரும் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்த ஜக்கம்மாள், பேசி முடித்த பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

தங்கச்செல்வி முதலில் பள்ளிக்கூட விஷயத்தைத்தான் எடுத்தாள். அருண்பாண்டியனை அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கேட்டாள்.

"இப்ப எழுதுனா நடக்குமா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த இடத்துல இப்பக் கடை நிக்குதும்மா."

"வேற இடம்?"

"வேற புறம்போக்குன்னா கண்மாய்க்குள்ளதான் இருக்கு. நீர்நிலையில கட்டடம் கட்ட விட மாட்டாங்க. யாராச்சும் சொந்த நிலத்தக் குடுத்தா உண்டு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு கரிசல் நிலம் அவர்களுக்கே இருந்தது. மழையை நம்பி கொத்தமல்லியும் குதிரைவாலியும் விதைக்கிற நிலம். அன்று அவள் சின்னத்துரையிடம் அதைக் கேட்டாள். அவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது கிருஷ்ணப்ரியாவுக்குன்னு வச்சிருக்கிறது செல்வி. ஒனக்குத் தெரியாதா?" என்றார். அவளுக்குத் தெரியும். அந்த நிலத்தை மகளுக்கு என்று அவளும்தான் நினைத்து வைத்திருந்தாள். வற்புறுத்திக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பொது நிலத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. இப்போது தன் பிள்ளையின் பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது அவளால் முடியவில்லை. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடகை வந்தது, அதில் காலனித் தெருவுக்கு விளக்குகள் போட்டார்கள். ஆனால் எதிர்பார்த்த லாரிகள் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு கடையில் உரக் குடோன். இன்னொன்றில் டீக்கடை. மற்றவை பூட்டிக் கிடந்தன.

பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனதும் அவள் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் பரளச்சியிலிருந்து கிளம்பி, மெயின் ரோட்டோடு போகாமல் ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்கு அவள் டெப்போவுக்கு நடையாய் நடந்தாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு விருதுநகர் போய் வரிசையில் நின்று மனுக் கொடுத்தாள். ரோடு குறுகல், பஸ் திரும்ப இடம் இல்லை என்றார்கள். நூறு நாள் வேலைக்காரப் பெண்களைக் கொண்டு ரோட்டோரக் கருவேலத்தை வெட்டி, பஸ் திரும்புகிற மாதிரி இடம் உண்டாக்கினாள். சுமதியும் பாத்திரக்கடைக்கு லீவு போட்டுவிட்டு அதில் அரிவாளோடு வந்து நின்றாள். வேலை நடந்த நாட்களில் இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில்தான் செல்வலட்சுமி மில்லுக்குப் போனது. ராஜபாளையம் பக்கம் ஒரு நூல்மில், அங்கேயே தங்கி வேலை. கருவேலம் வெட்டி முடிவதற்கு முன்னால் ஒரு காலையில் மில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குச் சுமதி வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தாள்.

புரட்டாசியில் பஸ் ஊருக்குள் வந்தது. ஜக்கம்மாள் ஆரத்தி எடுத்தாள். சின்னத்துரை டிரைவருக்கும் கண்டக்டருக்கும் துண்டு போட்டார். பரளச்சியில் படிக்கும் பிள்ளைகள் வெயில் இருக்கும்போதே வந்து இறங்கினார்கள். எல்லோரும் தங்கச்செல்வியைப் பாராட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கண் சுமதியைத் தேடியது. சுமதி வந்திருக்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் ஐந்து வருஷப் பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். நாகராஜ் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, "ஒங்ககூட வேல பாத்தது நல்லாருந்துச்சுக்கா. இன்னும் ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

பொங்கலுக்கு மில்லில் லீவு விட்டு செல்வலட்சுமி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், மாட்டுப்பொங்கலன்று காலையில் தங்கச்செல்வி காலனித் தெருவுக்கு நடந்தாள். தலைவராக இருந்த காலத்தில் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாள்; விளக்குப் போட்டபோது வந்து நின்றிருக்கிறாள். சுமதியின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பால்ச்சாமி சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டான். சுமதி காப்பி போட்டுக் கொண்டுவந்து, கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கினாள். தங்கச்செல்வி கை நீட்டி வாங்கிக் குடித்தாள்.

செல்வலட்சுமி வளர்ந்திருந்தாள். மெலிந்தும் இருந்தாள். புது சுடிதார் போட்டு, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"இப்ப பஸ்ஸு ஊருக்குள்ளயே வருது" என்றாள் தங்கச்செல்வி. "ஸ்கூல் விட்டு ஏறுனா வெளிச்சத்துலயே வீட்டுக்கு வந்துரலாம். ஜூன்ல சேத்துக்கிருவாங்க, நான் பரளச்சி ஹெட்மாஸ்டர்கிட்டக் கேட்டுட்டேன். இல்லேன்னா வீட்டுல இருந்தே படிச்சு பத்தாவது பரிட்ச எழுதலாம். நான் சொல்லித் தாரேன். சோசியல் எனக்கு நல்லா வரும்."

செல்வலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள். "பஸ்ஸு வருதுன்னு அம்மா போன்ல சொல்லுச்சு. தம்பி பெரியவனானா போவான்."

"நான் ஒன்னக் கேக்குறேன் தாயி."

"என்கூடப் படிச்ச பிள்ளைகெல்லாம் இப்ப பிளஸ் ஒன்னு படிக்குதுக. நான் போய் ஒன்பதாவதுல உக்காரவா?" என்று சிரித்தாள். "படிச்சது எதுவும் ஞாபகமும் இல்ல. மில்லுல ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா காது ரெண்டும் அந்தச் சத்தத்துலயே இருக்கும். புத்தகத்தத் தொறந்தா எழுத்து நிக்க மாட்டேங்குது. அங்க எனக்குப் பழகிருச்சும்மா. கூட்டாளிக இருக்காக. மூணு வேளையும் சோறு போட்டுருவாக. நீங்க எனக்காக வருத்தப்படாதீக."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கிருஷ்ணப்ரியாவைவிட ஒரு வயது மூத்த பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி தனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டே தங்கச்செல்வி எழுந்தாள்.

சுமதி தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். அங்கே நின்று, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல நீங்க எந்திரிக்கப் போனீக. நான் பாத்தேன்."

தங்கச்செல்வி அவளைப் பார்த்தாள்.

"கை ஊனி முன்னால வந்தீக. சரி, சொல்லப்போறாகன்னு நெனச்சேன். அதுக்குள்ள அண்ணாச்சி பேச ஆரம்பிச்சுட்டாக. அவுக பேசி முடிச்ச பிறகாவது சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"சொல்லியிருக்கணும் சுமதி."

"ம்" என்றாள் சுமதி. "வெயில் ஏறுது, போயிட்டு வாங்க" என்று திரும்பி நடந்தாள்.

தங்கச்செல்வி வீட்டுக்கு வந்தபோது சின்னத்துரை வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கே போய்விட்டு வருகிறாள் என்று கேட்டார். சொன்னாள். பிள்ளை மறுபடி மில்லுக்கே போகிறாள் என்றும் சொன்னாள்.

"அந்த எடத்தப் பள்ளிக்கூடத்துக்கே விட்டிருக்கலாம் செல்வி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று அவள் ஒரு காலத்தில் ஏங்கியிருக்கிறாள். இப்போது வந்தபோது அதில் அவளுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்தவும் தோன்றவில்லை.

"நீங்க ஒங்களுக்குத் தோணுனதச் சொன்னீக" என்றாள். "எனக்குத் தோணுனத நான் சொல்லல. நீங்க ஒண்ணும் என் வாயப் பொத்தல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாட்டுப்பொங்கலுக்கு வைத்த பால் அடுப்பில் ஆறிக் கிடந்தது. அதை மறுபடி சூடு பண்ணுவதற்காக அடுப்பைப் பற்றவைத்தாள்.